மணிக்கட்டில் கட்டிய வேவுக் கண்: தொழிலாளரின் அந்தரங்கத்துக்குக் காவல் எங்கே?

புது தில்லி: 2017 ஆகஸ்ட் முதல் தேதி, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாகாணத்தில் உள்ள "த்ரீ ஸ்கொயர் மார்க்கெட்" நிறுவனம், தன் ஊழியர்களில் சுமார் 50 பேரின் கையில் அரிசி மணி அளவிலான மைக்ரோசிப்பைப் பொருத்தியது. கட்டை விரலுக்கும் சுட்டு விரலுக்கும் இடையே தோலுக்கு அடியில் அது வைக்கப்பட்டது. கதவைத் திறக்கவும், கணினியைப் பயன்படுத்தவும், அலுவலக இயந்திரத்தில் தின்பண்டம் வாங்கவும் கையை நீட்டினாலே போதும் என்றது நிறுவனம். விரும்பியவர்களுக்கு மட்டுமே என்று அது விளக்கம் அளித்தும், உலகெங்கும் சர்ச்சை எழுந்தது.

அதே மாதம் 24-ம் தேதி, தில்லியில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, அந்தரங்கம் என்பது குடிமக்களின் அடிப்படை உரிமை என ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கு அது.

அத்தீர்ப்பு பணியிடத்தின் வாசலைக் கடந்து உள்ளே சென்றதா என்பதே இன்றைய கேள்வி.

சிப்பைவிடக் கூர்மையான கடிகாரம்: விஸ்கான்சினில் பொருத்தப்பட்ட சிப், அதைப் படிக்கும் கருவிக்கு மிக அருகில் சென்றால்தான் வேலை செய்யும். ஊழியர் எங்கே செல்கிறார் என்பதைத் தொலைவிலிருந்து அறிய அதனால் இயலாது. ஆனால், நாகபுரி, சண்டீகர், பஞ்ச்குலா போன்ற நகரங்களில் துப்புரவுத் தொழிலாளர்களின் மணிக்கட்டில் கட்டப்பட்ட ஜிபிஎஸ் கடிகாரம், அவர்கள் பணி நேரத்தில் எங்கு நிற்கிறார்கள், எங்கு நகர்கிறார்கள் என்பதைக் கட்டுப்பாட்டு அறையின் திரையில் காட்டியது.

ஒதுக்கப்பட்ட எல்லையைத் தாண்டியதாகக் காட்டினால் ஊதியம் பிடித்தம் செய்யப்படுகிறது என்று தொழிலாளர்கள் புகார் கூறினர். கடிகாரத்தில் உள்ள கேமராவும் மைக்கும் எப்போது இயங்கும் என்று தெரியாததால், கழிப்பறைக்குச் செல்லவே அஞ்சுவதாகப் பெண் தொழிலாளர்கள் முறையிட்டனர். சார்ஜ் ஏற்றுவதற்காகக் கடிகாரத்தை வீட்டுக்கும் எடுத்துச் செல்ல வேண்டியிருந்ததால், பணி முடிந்த பிறகும் வேவு பார்க்கப்படுகிறோமோ என்ற ஐயம் அவர்களை விடவில்லை.

நிர்வாகங்கள் கூறும் காரணத்தை முற்றிலும் ஒதுக்கிவிட முடியாது. வேலைக்கு வராதவர்கள் பெயரில் ஊதியம் எடுப்பதும், வருகைப் பதிவேட்டில் போலிப் பெயர்களைச் சேர்ப்பதும் உள்ளாட்சி அமைப்புகளில் நெடுங்காலமாக உள்ள நோய். ஆனால், வருகையை உறுதி செய்வது வேறு. நாள் முழுவதும் ஒருவரின் நடமாட்டத்தைப் பின்தொடர்வது வேறு.

தில்லியில் உள்ள மத்திய அரசு அலுவலகங்களில் 2014-ல் ஆதார் அடிப்படையிலான வருகைப் பதிவு அறிமுகமானது. அங்கே அதிகாரி உள்ளே வரும்போதும் வெளியேறும்போதும் விரல் ரேகை வைத்தால் போதும். இடைப்பட்ட நேரத்தில் அவர் எந்த அறையில் இருக்கிறார் என்று எந்தக் கடிகாரமும் கணக்கெடுப்பதில்லை. அதிகாரிக்கு இரு முறை பதிவு போதும் என்றால், தெருவைப் பெருக்குபவருக்கு மட்டும் நொடிக்கு நொடி காவல் எதற்கு? துப்புரவுப் பணியில் இருப்போரில் பெரும்பாலானோர் பட்டியலினத்தவர், பலர் ஒப்பந்தத் தொழிலாளர்கள் என்பதையும் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும்.

திரும்பத் தரப்பட்ட செல்பேசிகள்: எதிர்ப்பு எழாமல் இல்லை. ஹரியாணாவில் "ஆஷா" சுகாதாரப் பணியாளர்களுக்கு அரசு வழங்கிய செல்பேசிகளில், அவற்றைத் தொலைவிலிருந்தே கட்டுப்படுத்தக்கூடிய செயலி நிறுவப்பட்டிருந்தது. அதை எதிர்த்து 2021-ல் அவர்கள் போராடினர். பலர் செல்பேசிகளையே திருப்பித் தந்தனர். ஊரக வேலை உறுதித் திட்டப் பணியிடங்களில் நாளொன்றுக்கு இரு முறை புகைப்படம் எடுத்துச் செயலியில் பதிவேற்றுவது 2023 ஜனவரி முதல் கட்டாயமாக்கப்பட்டது. இணைப்பு கிடைக்காததால் செய்த வேலைக்கும் கூலி கிடைக்கவில்லை என்று கூறி, தொழிலாளர்கள் அடுத்த மாதமே தில்லி ஜந்தர் மந்தரில் தொடர் போராட்டம் தொடங்கினர்.

சட்டம் யார் பக்கம்?: 2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்ற எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரின் தகவலைப் பயன்படுத்த அவரது ஒப்புதல் தேவை என்கிறது. ஆனால், அதன் 7-வது பிரிவு, "வேலைவாய்ப்பு நோக்கங்களுக்காக" தகவலைப் பயன்படுத்தும்போது ஒப்புதல் தேவையில்லை என்று விலக்கு அளிக்கிறது. நிறுவனத்தை இழப்பிலிருந்து காப்பதற்கும் அதே சலுகை உண்டு. வேலைவாய்ப்பு நோக்கம் எதுவரை என்பதற்குச் சட்டத்தில் வரையறை இல்லை.

இச்சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாத அவகாசம் தரப்பட்டது. விதிமீறலுக்கு ரூ. 250 கோடி வரை அபராதம் விதிக்கலாம் என்றாலும், அத்தொகை அரசின் கருவூலத்துக்கே செல்லும். பாதிக்கப்பட்ட தொழிலாளிக்கு அதில் ஒரு ரூபாயும் கிடைக்காது.

விஸ்கான்சின் மாகாணம் 2006-லேயே, எவருக்கும் கட்டாயப்படுத்தி சிப் பொருத்தக் கூடாது என்று சட்டம் இயற்றிவிட்டது. மீறினால் நாளொன்றுக்கு 10 ஆயிரம் டாலர் வரை அபராதம். எனவே, 2017-ல் அந்த ஊழியர்களால் "வேண்டாம்" என்று சொல்ல முடிந்தது. சண்டீகரின் துப்புரவுத் தொழிலாளிக்கு அத்தகைய சட்டப் பாதுகாப்பு இல்லை. கடிகாரத்தைக் கட்ட மறுத்தால் ஊதியமோ வேலையோ போகும் என்ற நிலையில், மௌனத்தைச் சம்மதமாகக் கொள்வது நியாயமாகாது.

மாநகராட்சியும் அரசின் ஓர் அங்கமே. அந்தரங்கத்தில் தலையிடச் சட்ட ஆதாரம் வேண்டும், நியாயமான நோக்கம் வேண்டும், நோக்கத்துக்கு மிஞ்சாத அளவு வேண்டும் என்று 2017 தீர்ப்பு வகுத்த அளவுகோல் அதற்கும் பொருந்தும். எந்தத் தகவல் திரட்டப்படுகிறது, எத்தனை நாள் வைத்திருக்கப்படும், யார் பார்க்கலாம் என்பதைத் தொழிலாளிக்கு அவரது மொழியில் தெரிவிப்பதும், பணி நேரத்துக்கு வெளியே கண்காணிப்பைத் தடை செய்வதும், தொழிற்சங்கத்தைக் கலந்த பிறகே கருவிகளைப் புகுத்துவதும் கட்டாயமாக்கப்பட வேண்டும். 7-வது பிரிவின் விலக்குக்கு எல்லை வகுக்கும் பொறுப்பு நாடாளுமன்றத்தையே சாரும்.