மகனை 'அப்பா' என்பதேன்?

நம் இல்லங்களில் தாய் தன் மகனை 'அப்பா' என்றும், மகளை 'அம்மா' என்றும் கொஞ்சுவதை நாள்தோறும் கேட்கிறோம். தமிழ் கற்கும் அந்நியர் ஒருவர் இதற்கு அகராதியைப் புரட்டினால் திகைத்தே போவார்.

ஸ்பானிய மொழி பயிலும் நம் மாணவருக்கும் இதே திகைப்பு நேரும். கியூபா முதலிய கரீபியன் நாடுகளில் தாய்மார் மகனைப் 'பாப்பி' என்பர். அதன் பொருள் அப்பா. மகளோ 'மாமி', அதன் பொருள் அம்மா. நம் மாமிமாருக்கும் இச்சொல்லுக்கும் உறவில்லை! 'மி இஹோ' என்றால் 'என் மகனே'. பேச்சில் அது 'மிஹோ' எனச் சுருங்கி, அயல்வீட்டுப் பிள்ளையையும் அணைத்துக்கொள்ளும். நாமும் உடன்பிறவாதவனைத் 'தம்பி' என்கிறோம் அல்லவா?

'மி வீதா' என்பது 'என் உயிரே'. 'மி சியேலோ' என்பது 'என் வானமே'. பாட்டியைக் குறிக்கும் 'அபுவேலா', அன்பு மிகுந்தால் 'அபுவெலிதா' ஆகும். சிறுமை காட்டும் விகுதி இங்கே செல்லத்தைக் காட்டுகிறது. 'கோர்தோ' என்றால் தடியன். மனைவி கணவனை அவ்வாறு அழைத்தால் அது கொஞ்சல். வழிப்போக்கன் அழைத்தால் வசை. சொல்லின் பொருளில் ஒரு பாதியையே அகராதி தரும். மறுபாதி, சொல்வோர்க்கும் கேட்போர்க்கும் உள்ள உறவில் இருக்கிறது.

வீட்டில் வழங்கும் இத்தகைய சொற்கள் மறைந்தால் ஒரு மொழிக்கு என்ன நேரும்? எங்கள் புத்தளக் கரையே அதற்குச் சான்று. ஸ்பானியத்தின் உடன்பிறப்பான போர்த்துக்கேய மொழி 1505இல் இலங்கைக் கரையை அடைந்தது. போர்த்துக்கேயர் ஆட்சி 1658இல் முடிந்தபோதிலும், அவர் மொழியினின்று பிறந்த கலப்புமொழி இங்கே நிலைத்தது. புத்தளத்தை அடுத்த சிராம்பியடியில் வாழும் காப்பிரி மக்கள் ஆபிரிக்க வழிவந்தோர். அவர்தம் முன்னோர் அம்மொழியைப் பேசினர். இன்றோ வீட்டுமொழி சிங்களமாகிவிட்டது. பழைய மொழி 'மஞ்சா' எனப்படும் பாடல்களிலேதான் எஞ்சியிருக்கிறது. விழாக்களில் தாளத்தோடு பாடப்படும் அம்மொழியில் இன்று குழந்தையைச் சாப்பிட அழைப்பார் அரியர்.

மாணவர்களே, அயல்மொழியின் அன்புச் சொல்லைக் கற்கும்போது, 'யார் யாரை இவ்வாறு அழைப்பர்?' என்று முதலில் கேளுங்கள். பெற்றோர்களே, பிள்ளைகள் எத்தனை மொழி கற்றாலும் நன்றே. அவர்களைக் கொஞ்சும் மொழி மட்டும் தமிழாக இருக்கட்டும்.