உம்மாவைப் பற்றி எழுதும்போது

"உம்மா என்பவள் தியாகத்தின் திருவுருவம், பொறுமையின் சிகரம்..."

மாணவி ஒருத்தி கொண்டுவந்து தந்த கட்டுரை இப்படித்தான் ஆரம்பித்தது. நான்கு பக்கம். பிழையில்லாத தமிழ். ஆனால் அது யாருடைய உம்மா என்பது கடைசிவரை தெரியவில்லை.

"மகள், உங்கட உம்மா எப்ப சாப்பிடுவா?" என்று கேட்டேன்.

சற்று யோசித்தாள். "நாங்க எல்லாரும் சாப்பிட்டு முடிஞ்ச பொறகுதான் சட்டியப் பார்ப்பா, ஹஸரத். மிஞ்சியிருந்தா சாப்பிடுவா."

சகோதரிகளே, அந்த நான்கு பக்கத்தில் இந்த ஒரு வரி இல்லை!

எகிப்திய எழுத்தாளர் தாஹா ஹுஸைன் 1889இல் பிறந்தவர். சிறு வயதிலேயே பார்வையை இழந்தவர். தம் இளமைப் பருவத்தை 'அல்-அய்யாம்' என்று எழுதினார். அதன் முதற் பாகம் 1929இல் நூலாக வந்தது. பார்வையற்றவனின் துயரம் எத்தகையது என்று அவர் அதில் பிரசங்கம் செய்யவில்லை. ஓர் இரவுச் சாப்பாட்டைச் சொல்கிறார். வழக்கமாக ஒரு கையால் எடுக்கும் கவளத்தை இரு கைகளாலும் எடுத்தால் என்ன என்று சிறுவனுக்குத் தோன்றுகிறது. எடுக்கிறான். உடன்பிறந்தார் சிரிக்கிறார்கள். தாய்க்கு அழுகை வருகிறது. கவளத்தை அப்படி எடுப்பதில்லை என்று தந்தை கவலையோடு, மெதுவாகச் சொல்கிறார். அன்றிலிருந்து கரண்டியால் உண்ணும் உணவுகளையே அவன் தனக்கு விலக்கிக்கொள்கிறான். வாசிக்கும் நமக்குத் தொண்டை அடைக்கிறது.

இன்னொன்று. அவர் 'நான்' என்று எழுதவில்லை. 'அவன்' என்றே எழுதினார். 'நான்' என்று எழுதக் கூச்சப்படும் சகோதரிகள் 'அவள்' என்று எழுதிப் பார்க்கலாம்.

எங்களைப் போன்ற மௌலவிமாருக்கு ஒரு நோய் உண்டு. எதைத் தொட்டாலும் நஸீஹத்தில் முடிக்காவிட்டால் பேனை நிற்காது. என் பழைய கொப்பிகளைப் புரட்டினால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. வாப்பா மௌத்தானபோது எழுதியதில்கூட வாப்பா இல்லை; மரணத்தைப் பற்றிய உபதேசம்தான் இருக்கிறது. அவர் எந்தப் பக்கம் சாய்ந்து உட்காருவார் என்பதை இன்று நினைத்துப் பார்க்கிறேன், சரியாக வரவில்லை.

மாணவிக்கு ஒரு தயக்கம் இருந்தது. வீட்டு விஷயத்தை எழுதினால் உம்மாவுக்கு மானக்கேடு இல்லையா? நியாயமான கேள்விதான். முதலில் உம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள், அவர் வேண்டாம் என்றால் கிழித்துவிடுங்கள் என்றேன்.

அடுத்த கிழமை ஒன்றரைப் பக்கம் கொண்டுவந்தாள். "உம்மா என்ன சொன்னா?" என்று கேட்டேன்.

"ஒன்டும் சொல்லல்ல, ஹஸரத். கொஞ்ச நேரம் சும்மா இருந்தா. பொறகு, பொரிச்ச மீன்ட தலை தனக்கும் விருப்பம் என்டு சொன்னா."