பெரியப்பாவின் வானொலிப் பெட்டி

எங்கள் தெருப் பெரியப்பா நெடுங்காலம் கப்பலில் பணியாற்றியவர். 1980களில் ஜப்பானிலிருந்து ஒரு வானொலிப் பெட்டி வாங்கி வந்தார். தூத்துக்குடியில் கப்பல் வேலைக்குச் சென்றவர்களின் இல்லங்களில் அத்தகைய பெட்டிகளைக் காண்பது அரிதன்று. அவர் மறைந்த பின்னும் பெரியம்மா அதில்தான் காலைச் செய்தி கேட்டு வந்தார்.

2016ஆம் ஆண்டில் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது பெட்டி இடம் மாறிற்று. விடுமுறைக்கு வந்திருந்த பேரன் அதைக் கூடத்துச் சுவரிலிருந்த பிளக்கில் நேராக இணைத்துவிட்டு, வேறு ஏதோ நினைவாக வெளியே போய்விட்டான். திரும்பி வந்தபோது வீடு முழுவதும் வார்னிஷ் கருகிய வாடை. கடையில் காட்டியதற்கு, உதிரி உறுப்புகள் கிடைக்கமாட்டா, வேறு வாங்கிக்கொள்ளுங்கள் என்று கூறிவிட்டனராம். பெரியம்மா பெட்டியைத் துண்டில் சுற்றி என்னிடம் கொண்டுவந்தார்.

"பாடாவிட்டாலும் போகட்டும், தம்பி. ஏன் போயிற்று என்றாவது பார்த்துச் சொல்" என்றார்.

இத்தகைய பெட்டியைத் திறக்குமுன் செய்யவேண்டிய சோதனை மிக எளியது. நான்கு பெரிய பாட்டரிக் கட்டைகளைப் போட்டுப் பார்த்தேன். பாடிற்று! பெரியம்மாவின் கண்கள் கலங்கின. ஆகவே வானொலிக்குக் கேடில்லை. மின்சாரத்தை மாற்றித் தரும் பகுதி மட்டுமே எரிந்திருக்கிறது. இவ்வகைப் பெட்டிகள் பலவற்றில் வானொலியின் ஸ்விட்ச், டிரான்ஸ்பார்மருக்கு அப்பால் இருக்கும். பிளக்கைச் செருகியவுடனே, வானொலி பாடாமலிருந்தாலும், டிரான்ஸ்பார்மர் இயங்கத் தொடங்கிவிடும். பையன் ஸ்விட்சைத் திருப்பாமல் போனதே வானொலியைக் காப்பாற்றிற்று.

பின்புறச் சீட்டைப் படித்தேன். 100 வோல்ட், 50/60 சுழற்சி என்றிருந்தது. ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட்தான். அந்நாட்டின் கிழக்குப் பகுதியில் 50 சுழற்சியும் மேற்குப் பகுதியில் 60 சுழற்சியும் வழங்குகின்றன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோக்கியோ ஜெர்மானிய இயந்திரங்களையும் ஒசாகா அமெரிக்க இயந்திரங்களையும் வாங்கியதால் வந்த பிளவு அது. சுழற்சியால் நமக்குத் தொல்லை இல்லை. ஆனால் நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட். அழுத்தம் இரண்டேகால் மடங்குக்கு மேல் ஏறும்போது டிரான்ஸ்பார்மரின் இரும்புப் பகுதி காந்தத்தால் நிறைவுற்றுவிடுகிறது. அதன்பின் சுருளில் பாயும் மின்னோட்டத்துக்குக் கடிவாளம் இல்லை. சில நிமிடங்களில் சுருள் கருகிவிடும்.

அப்படியாயின் இத்தனை ஆண்டுகள் அது எவ்வாறு பாடிற்று? பெரியம்மாவே நினைவுகூர்ந்தார். பெட்டிக்குப் பக்கத்தில் கனமான ஓர் இரும்புப் பெட்டி எப்போதும் இருக்குமாம்; "அதைத் தொடாதே" என்று பெரியப்பா எச்சரிப்பாராம். அதுதான் 230 வோல்ட்டை 100 ஆகக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர். வெள்ளையடிப்பின்போது யாரோ அதைப் பரணில் ஏற்றிவிட்டனர். வானொலியின் தட்டையான இரு கால் பிளக் நம் சுவரில் நுழையாது. அதுவே ஓர் எச்சரிக்கை. ஆனால் எந்த பிளக்கையும் எந்தச் சுவரிலும் பொருத்தும் சிறு அடாப்டர்கள் இன்று எங்கும் கிடைக்கின்றன. அவை பிளக்கின் வடிவத்தை மாற்றுமேயன்றி வோல்ட்டை மாற்றா. பையன் அதைத்தான் பயன்படுத்தியிருந்தான்.

பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு மல்டிமீட்டரால் முதற்சுருளை அளந்தேன். இணைப்பே இல்லை. மேலிருந்த மஞ்சள் நாடாவைப் பிரித்ததும் வெப்பப் பியூஸ் ஒன்று தென்பட்டது. சூடு மிகும்போது தானே அறுந்து தீயைத் தடுக்கும் காவலாள் அது.

"அங்கே ஒரு கம்பியைப் போட்டு இணைத்தால் பாடாதா, மாமா?" என்று பையன் கேட்டான்.

ஒருவேளை அன்று பாடியிருக்கும். பலர் அப்படித்தான் செய்கின்றனர். எனக்கு அது சற்றும் உடன்பாடில்லை. சுருளின் பூச்சு கருகிவிட்டது. காவலாளும் இல்லாமல் அது மறுபடி சூடேறினால் தீ பிடிப்பதைத் தடுக்க எதுவுமில்லை. நல்ல சுருளே ஆயினும் அது 100 வோல்ட் சுருள். விவரமறியாத இன்னொரு கை அதை மீண்டும் சுவரில் செருகத்தான் செய்யும்.

எனவே பழையதை அகற்றி, 230 வோல்ட்டை 9 வோல்ட்டாகக் குறைக்கும் சிறு டிரான்ஸ்பார்மரைப் பொருத்தினேன். அதற்கு முன்னால் ஒரு பியூஸ்; பின்னால் நான்கு புதிய டயோடுகள்; உப்பிப்போயிருந்த கண்டன்சருக்குப் பதில் 1000 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் கண்டன்சர். வானொலிக்கு வேண்டியது நான்கு கட்டைகளின் 6 வோல்ட். அதைச் சீராகத் தர 7806 என்னும் ரெகுலேட்டர், சூட்டைப் போக்க ஓர் அலுமினியத் தகட்டுடன். கண்டன்சரின் நேர், எதிர் முனைகளை மாற்றிப் பற்றவைத்தால் அது வெடித்துவிடும் என்பதால் இருமுறை சரிபார்த்தேன். செல்போன் சார்ஜர் போன்ற மலிவான அடாப்டர் ஒன்று போதாதா என்று சிலர் வினவுவர். அவற்றுள் பல மத்திய அலையில் ஓயாத இரைச்சலைக் கிளப்பிவிடும்.

முதன்முதலில் மின்சாரம் கொடுக்கும்போது 40 வாட் பழைய இழை பல்பு ஒன்றை வழியில் தொடராக இணைத்துக்கொண்டேன். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. உள்ளே குறுக்கிணைப்பு இருந்தால் இழை பல்பு பளிச்சென்று எரிந்து, எஞ்சியவற்றைக் காக்கும். அன்று அது ஒருகணம் மினுங்கி அடங்கிற்று.

எப்.எம். பக்கம் மட்டும் பையனுக்கு ஏமாற்றம். அந்நாளைய ஜப்பானியப் பெட்டியின் எப்.எம். எல்லை 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான். நம் நிலையங்களில் பெரும்பாலானவை அதற்கு மேலே உள்ளன. பெரியம்மாவுக்கு அதைப்பற்றிக் கவலையில்லை. மத்திய அலையில் செய்தி கேட்கிறதா என்று மட்டும் பார்த்தார்.

பரணிலிருந்த இரும்புப் பெட்டி இனித் தேவையில்லை, எடைக்குப் போட்டுவிடலாமா என்று கேட்டேன். "வேண்டாம், தம்பி. அதையும் கீழே இறக்கிப் பக்கத்திலேயே வை" என்றார்.