உங்களுக்குத் தெரியுமா? ஏழே கார்கள் செய்த கம்பெனி

பள்ளி நோட்டின் கடைசிப் பக்கத்தில் கார் படம் வரையாத பையன் அரிது. இங்கிலாந்தின் ஏட்ரியன் ஸ்கொயர் அதோடு நிற்கவில்லை. தன் கனவுக் கார் கடைக்கே வந்துவிட்டதுபோல, அதற்கு ஒரு கேட்லாக்கையே மாணவப் பருவத்தில் தயாரித்துவிட்டார். பிறகு அந்தக் கனவைச் செய்தும் காட்டினார். 1934இல் ‘ஸ்கொயர்’ ஸ்போர்ட்ஸ் கார் வெளிவந்தபோது அவருக்கு வயது 24தான்!

*

தொழில் கற்றது பென்ட்லியில், அப்ரண்டிஸாக. அடுத்து எம்.ஜி. கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன் வேலை. 1931இல் நண்பர்கள் இருவரைச் சேர்த்துக்கொண்டு, தேம்ஸ் நதிக்கரை ஊரான ஹென்லிக்குப் பக்கத்தில், ரெமனம் ஹில் என்ற இடத்தில் சொந்த ஒர்க்‌ஷாப் போட்டார்.

*

எஞ்சினை அவர் வெளியே வாங்கினார். பிரிட்டிஷ் அன்ஸானி நிறுவனத்தின் 1,496 சி.சி. எஞ்சின் அது. அதில் சூப்பர்சார்ஜர் உண்டு. கொல்லன் உலைக்குத் துருத்தி எப்படியோ, எஞ்சினுக்கு இது அப்படி: காற்றை அழுத்தி உள்ளே தள்ளும், கூடுதல் காற்றோடு கூடுதல் பெட்ரோலும் எரியும். விளைவு, 100 குதிரைத்திறனுக்கும் மேல். ஏறக்குறைய இதே அளவு எஞ்சின் கொண்ட அன்றைய ஆஸ்டன் மார்ட்டின் மார்க் 2 தந்தது 73தான். ஒன்றரை லிட்டரிலிருந்து இவ்வளவு கறந்ததை இன்று படித்தாலும் வியப்பாக இருக்கிறது.

*

கியர் மாற்றும் முறையும் தனி ரகம். வளைவு வரப்போகிறது என்று தெரிந்ததும், வேண்டிய கியரை ஒரு சின்ன நெம்புகோலால் முன்கூட்டியே குறித்து வைத்துவிடலாம். உண்மையில் தேவைப்படும் நொடியில் பெடலை மிதித்து விட்டால் போதும், கியர் விழுந்துவிடும். இதற்கு ப்ரீசெலக்டர் கியர்பாக்ஸ் என்று பெயர்.

*

ஓடுவதைப் போலவே நிற்பதிலும் ஸ்கொயர் கெட்டி. கம்பியும் கேபிளும் இழுத்து பிரேக் பிடித்த கார்கள் நிறைய ஓடிய காலத்தில், இதில் ஹைட்ராலிக் பிரேக். டிரம்கள் எடை குறைந்த மெக்னீசியக் கலப்பு உலோகத்தால் ஆனவை.

*

மணிக்கு 100 மைல், அதாவது சுமார் 160 கி.மீ. வேகம் போகும் என்பது கம்பெனி கொடுத்த உத்தரவாதம். அதை நிரூபிக்கும் களம், 1907இல் திறக்கப்பட்ட புரூக்லேண்ட்ஸ் பந்தயத் தடம்.

*

விலைதான் இடித்தது. வாண்டன் பிளாஸ் நிறுவனம் கட்டிய அழகான பாடியோடு 1,220 பவுண்டு. 1935இல் ஃபோர்டு 100 பவுண்டுக்கே ஒரு காரை விற்பனைக்கு விட்டது. ஒரு ஸ்கொயரின் விலையில் வீதி முழுக்க ஃபோர்டு நிறுத்தலாம்! பாடியை எளிமையாக்கி 995 பவுண்டுக்கு இறக்கியும் பார்த்தார்கள். வாங்க ஆள் வரவில்லை. 1936இல் கம்பெனி மூடப்பட்டபோது, செய்து முடித்திருந்த கார்கள் மொத்தம் 7.

மிஞ்சிய பாகங்களை வால் ஸெத்ரின் என்பவர் வாங்கி, மேலும் சில கார்களைக் கோத்தெடுத்தார். ஆனால், பாடியை எளிமையாக்கியபோதும், உள்ளே மலிவான பாகம் போட்டு எண்ணிக்கையைக் கூட்டலாம் என்று ஸ்கொயர் ஒருபோதும் இறங்கி வராததால்தான், அந்த ஏழும் இன்றுவரை கார் பிரியர்களின் நெஞ்சில் இருக்கின்றன என்பேன்.

*

ஒற்றை இருக்கை கொண்ட ஸ்கொயர் ஒன்று பந்தயத்திலும் இறங்கியது. ஓட்டியவர் லூயி ஃபாண்டஸ். 1935இல் லகோண்டா காரில் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற இருவரில் ஒருவர்.

*

கம்பெனி போன பின் ஸ்கொயர் லகோண்டாவில் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு பிரிஸ்டல் விமானத் தொழிற்சாலை. 1940இல் ஜெர்மானியக் குண்டுவீச்சில் அவர் உயிரிழந்தார். அதே ஆண்டு, போருக்கான விமானம் ஒன்றை ஓட்டிச் சென்றபோது விபத்தில் இறந்தார் ஃபாண்டஸ்.