இரண்டு பல் கூடுதல்

புதுச்சேரி பெரிய மார்க்கெட் பக்கம் தலைக்கறி வாங்கப் போகிறவர்கள், வெட்டுவதற்கு முன் ஆட்டின் மேலுதட்டைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்கள். முன்பல் ஒன்றுகூட இருக்காது. விரலால் அழுத்தினால் கெட்டியான ஈறு மட்டும் தட்டுப்படும். கீழ்த்தாடையில் எட்டுப் பல் வரிசையாக நிற்கும். 'ரெண்டு பல் ஆடு', 'நாலு பல் ஆடு' என்று வியாபாரிகள் வயது சொல்வது இந்த வரிசையைப் பார்த்துத்தான். அந்த எட்டில் ஓரத்து இரண்டும் உண்மையில் கோரைப்பற்கள். வெட்டுப்பல்லின் வடிவத்துக்கு மாறி அதன் வேலையைச் செய்கின்றன. மேல்தாடையில் கோரைப்பல் அடியோடு இல்லை. ஆக, கடைவாய்ப்பற்களையும் சேர்த்து ஆட்டுக்கு 32 பல்.

மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் திரியும் சருகுமானுக்கு 34.

முயலைவிடச் சற்றுப் பெரிய உடம்பு, மூன்று கிலோ எடை, பென்சில் பருமனில் கால்கள். முதுமலையிலும் ஆனைமலையிலும் பகலில் மரப்பொந்திலோ பாறை இடுக்கிலோ ஒடுங்கிக் கிடக்கும். இருட்டியதும் உதிர்ந்த பழம் தேடி வரும். ஆணுக்கும் கொம்பு கிடையாது. மேல்தாடையிலிருந்து மெல்லிய கோரைப்பல் இரண்டு வளைந்து கீழே இறங்கியிருக்கும். கூடுதலான அந்த இரண்டு பல் இரை பிடிக்க அல்ல, இன்னோர் ஆணோடு சண்டை வந்தால் குத்திக் கிழிக்க. பெண்ணுக்கும் உண்டு, ஆனால் சிறியது.

கொம்பில்லாத உடம்பையும் நீண்ட பல்லையும் பார்த்து அந்தக் கால அறிஞர்களே ஏமாந்தார்கள். இலங்கைச் சருகுமானுக்கு 1777-இல் பெயர் வைத்த எர்க்ஸ்லேபன், அதை இமயமலைக் கஸ்தூரி மானின் பேரினத்தில் சேர்த்தார். கஸ்தூரி மானுக்கும் கொம்பில்லை. பல் மட்டும் உதட்டைத் தாண்டி விரல் நீளத்துக்குத் தொங்கும். ஆனால் சருகுமான் தனிக் குடும்பம். மானின் வயிற்றில் நான்கு அறை, இதற்கு மூன்றுதான்.

கொம்பு பெரிதாகப் பெரிதாகக் கோரைப்பல் சிறுக்கும் என்ற கணக்கை 1871-இலேயே டார்வின் எழுதிவிட்டார். கிளைக்கொம்பு சுமக்கும் புள்ளிமானுக்கு மேல் கோரைப்பல் பெரும்பாலும் இருப்பதில்லை. நடுவில் நிற்பது கேளையாடு. நாய் மாதிரிக் குரைக்கும் இந்தச் சிறுமானை எனக்கு ரொம்பப் பிடிக்கும். தோல் போர்த்திய எலும்புத் தண்டின் மேல் குட்டையான கொம்பு, வாயில் அங்குல நீளக் கோரைப்பல், இரண்டும் அதற்கு உண்டு. கொம்பால் எதிரியைத் தள்ளி நிலைகுலைய வைக்கும். காயம் உண்டாக்குவது பல். அடர்ந்த புதருக்குள் குனிந்து ஓடும் விலங்குக்கு அகன்ற கொம்பு இடைஞ்சல்தான். வாய்க்குள் அடங்கும் ஆயுதம் எங்கேயும் சிக்காது.

ஆனால் வேட்டைக்காரரின் சுருக்குக் கம்பிக்கு முன்னால் சருகுமானின் பல்லால் ஆவது ஒன்றுமில்லை. வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருந்தும் சருகுமானைக் கறிக்காகப் பிடிப்பது நிற்கவில்லை. ஹைதராபாத் நேரு உயிரியல் பூங்காவில் அவற்றைப் பெருக்கித் தெலங்கானாவின் அம்ராபாத் காட்டில் விட்டிருக்கிறார்கள். சருகு மண்டிய தரையும், ஒளிய ஒரு பொந்தும், பழம் உதிர்க்கும் மரங்களும் அங்கே இருக்கின்றன.