தசைக்குள் ஒரு கயிறு

இந்த இதழைப் பிடித்திருக்கும் கையைச் சற்றே மடக்கிப் பாருங்கள். மேற்கையிலுள்ள தசை திரண்டு குறுகுவதை மறு கையால் தொட்டு உணரலாம். அப்போது தசைக்குள் உண்மையில் குறுகுவது எது? ரப்பரைப் போல் சுருங்கும் பொருள் ஏதேனும் அதனுள் உள்ளதா? விடை காண விஞ்ஞானிகளுக்குப் பல்லாண்டுகள் பிடித்தன. அவ்விடையின் ஒரு பாதி ஆக்டின் என்னும் புரதம் ஆகும்.

தசையில் மயோசின் என்ற புரதம் இருப்பதை ஜெர்மானியரான கூனே 1864-லேயே அறிவித்திருந்தார். தசையின் வேலை முழுவதும் அதனுடையதே என்று நெடுங்காலம் கருதப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது, ஹங்கேரியின் செகெட் நகரில், 1937-இல் நோபல் பரிசு பெற்ற ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜியின் ஆய்வுக்கூடத்தில் ஒரு விந்தை தென்பட்டது. முயலின் தசையை அரைத்து, உப்புக் கரைசலில் 20 நிமிடம் ஊறவைத்து வடித்தால் நீர்த்த கரைசல் கிடைத்தது. இரவு முழுவதும் ஊறவிட்டாலோ கூழ் போன்ற கரைசல் கிடைத்தது. செல்லின் எரிபொருளான ஏ.டி.பி.யைச் சேர்த்ததும் அந்தக் கூழ் நீர்த்துப் போயிற்று. கூழாவதற்குக் காரணம் மயோசினுடன் சேர்ந்து வந்த மற்றொரு புரதமே என்று 1942-இல் காட்டியவர் புரூனோ ஸ்ட்ராப். மயோசினைச் செயல்படத் தூண்டுவதால் அதற்கு ஆக்டின் எனப் பெயரிட்டனர்.

இவ்விரண்டும் எவ்வாறு சேர்ந்து இயங்குகின்றன என்பதை 1954-இல் இரு குழுவினர் ஒரே சமயத்தில் வெளியிட்டனர். ஒரு குழுவில் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் நீடர்கெர்க்கேயும், மற்றதில் ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும் இருந்தனர். இரு ஹக்ஸ்லிகளும் உறவினர் அல்லர்!

உங்கள் இரு கைகளின் விரல்களையும் எதிரெதிராக நீட்டி, ஒன்றன் இடைவெளியில் மற்றொன்றைச் செருகுங்கள். கைகள் நெருங்குகின்றன; விரல்களின் நீளமோ மாறவில்லை. தசையிலும் இதுவே நிகழ்கிறது. மெல்லிய ஆக்டின் இழைகள் தடித்த மயோசின் இழைகளின் இடையே வழுக்கிச் செல்கின்றன. தசை குறுகுகிறது, இழைகள் குறுகுவதில்லை.

வழுக்கச் செய்யும் விசை எது? கிணற்றில் நீர் இறைப்பதை எண்ணிப் பாருங்கள். கயிற்றைப் பற்றி இழுக்கிறோம், பிடியை விடுகிறோம், சற்று மேலே மீண்டும் பற்றுகிறோம். இங்கே கயிறு ஆக்டின்; கைகள், மயோசினில் துருத்தி நிற்கும் தலைகள். ஒரு நியூட்டன் விசையை லட்சம் கோடிப் பங்காக்கினால், அதில் சில பங்குகளே ஒரு தலை தரும் விசை. ஆனால் ஒரு தசையில் தலைகளோ கோடானுகோடி.

இதில் ஒரு நுட்பம் உண்டு. பிடியை விடுவதற்கு ஏ.டி.பி. தேவை. உயிர் பிரிந்தபின் ஏ.டி.பி. தீர்ந்துவிடுகிறது, பற்றிய தலைகள் பற்றியபடியே நின்றுவிடுகின்றன. சில மணி நேரத்தில் உடல் விறைத்துப் போவது இதனாலேயே.

ஆக்டின் தசைக்கு மட்டுமே உரியது என்ற எண்ணமும் நிலைக்கவில்லை. ஈரக் கட்டைகளில் படரும் சளிப்பூஞ்சை என்ற உயிரிக்குத் தசையே கிடையாது. அதிலிருந்து 1966-இல் ஆக்டினைப் பிரித்தெடுத்தனர் ஜப்பானின் ஹட்டானோவும் ஊசாவாவும். ஊசாவா ஓர் இயற்பியல் அறிஞர் என்பது நம் மாணவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி. ஆக்டின் மூலக்கூறுகள் மணிகளைப் போல் கோத்துக்கொண்டு இழையாவதை அவர் நீராவி பனித்துளியாவதோடு ஒப்பிட்டார். கரைசலில் மூலக்கூறுகள் ஒரு குறிப்பிட்ட செறிவைத் தாண்டினால் மிகுதியானவை மட்டும் இழையாகின்றன. செறிவு குறைந்தால் இழை மீண்டும் கரைகிறது.

ஆகவே, இக்கயிறு தானே வளரும், தானே கரையும். சுமார் 7 நானோமீட்டர் தடிமனுள்ள இவ்விழைகளை அருகருகே அடுக்கினால் ஒரு மில்லிமீட்டருக்குள் 1,40,000 இழைகள் அடங்கும். செல்லுறையின் அடியில் வலையாகப் பின்னி, செல்லுக்கு உருவமும் உறுதியும் தருபவை இவையே.

வளரும் இழை செல்லுறையைத் தள்ளவும் செய்கிறது. மேட்டில் ஏறும் பாரவண்டி சற்று முன்னே நகரும்போதெல்லாம் சக்கரத்தின் பின்னே கட்டையை நகர்த்தி வைப்பார்கள். வண்டி பின்வாங்க முடியாது. அதுபோல, வெப்ப அசைவால் செல்லுறை துடிக்கும்போது தோன்றும் சிறு இடைவெளியில் ஒரு புதிய ஆக்டின் மூலக்கூறு வந்து அமர்ந்துவிடுகிறது. இடைவெளி மூடுவதில்லை. 1993-இல் பெஸ்கினும் அவருடைய துணைவர்களும் இதைக் கணித முறையில் விளக்கினர். நம் இரத்த வெள்ளணுக்கள் நோய்க்கிருமியைத் துரத்தி ஊர்வது, முன்புறம் இழை வளர்ந்தும் பின்புறம் கரைந்தும்தான்.

கோழியின் எலும்புத் தசையிலும் நம் எலும்புத் தசையிலும் உள்ள ஆக்டின் ஒன்றே. அதன் 375 அமினோ அமிலங்களில் ஒன்றுகூட வேறுபடவில்லை. பல புரதங்களோடு கைகோக்க வேண்டியிருப்பதால், சிறிய மாறுதலும் தீங்காக முடியலாம். தசை ஆக்டினின் மரபணுவில் நேரும் பிழை, பிறந்த குழந்தையின் தசைகளை மூச்சுவிடவும் திணறும் அளவுக்குத் தளரச் செய்யக்கூடும் என்பது 1999-இல் தெரியவந்தது. ஆக்டின் இழைகளைக் கிளைக்கத் தூண்டும் வேறொரு புரதம் பழுதானால், விஸ்காட்-ஆல்ட்ரிச் நோய் தோன்றுகிறது. அந்நோயுள்ள சிறுவர்களின் வெள்ளணுக்கள் சரிவர இயங்காததால், தொற்றுகள் அவர்களை மீண்டும் மீண்டும் தாக்குகின்றன. குறை எங்கே என்று தெரிந்ததால், நோயைத் தொடக்கத்திலேயே உறுதிசெய்து, பொருத்தமான எலும்பு மஜ்ஜையை மாற்றிப் பொருத்திப் பலரைக் காக்க முடிகிறது.

இப்போது கையை மீண்டும் ஒருமுறை மடக்குங்கள். இழுபடும் அந்தக் கயிற்றின் உறவுக் கயிறுகள் அதே நொடியில் உங்கள் வெள்ளணுக்களுக்குள் வளர்ந்தும் கரைந்தும் கொண்டிருக்கின்றன.