ஓர் ஆட்டத்தின் வரவு செலவுக் கணக்கு

கிரிக்கெட் ஆட்டம் முடிந்த மறுநாள் நாளிதழில் அதன் ஓட்ட விவரத்தைப் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவின் பேஸ்பால் ஆட்டத்துக்கும் அப்படியோர் அட்டவணை உண்டு. அதற்குப் 'பாக்ஸ் ஸ்கோர்' என்று பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹென்றி சாட்விக் என்ற பத்திரிகையாளர் அதற்கு ஒழுங்கான வடிவம் கொடுத்தார். விளையாட்டில் நாட்டமில்லாதவரும் அதைக் கூர்ந்து பார்க்கலாம். ஏனெனில், பௌதிகத்தில் நாம் படிக்கும் அழிவின்மை விதி போன்ற ஒன்று அதற்குள் இருக்கிறது.

முதலில் ஆட்டத்தைத் தெரிந்துகொள்வோம். மட்டையாளர் மூன்று தளங்களைச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பினால் ஓர் ஓட்டம். மூவர் ஆட்டமிழந்ததும் எதிரணியின் முறை தொடங்கும். ஒவ்வோர் அணிக்கும் ஒன்பது முறைகள்.

ஆகவே, மட்டை பிடித்து முடித்த ஒருவருக்கு மூன்றே கதிகள்தாம். ஓட்டம் எடுப்பார், அல்லது ஆட்டமிழப்பார், அல்லது அணியின் முறை முடியும்போது ஏதேனும் ஒரு தளத்தில் நின்றுபோவார். நான்காவது கதி கிடையாது. மின்சுற்றின் ஒரு சந்திக்கு வரும் மின்னோட்டங்களின் கூட்டுத்தொகை, அதைவிட்டுச் செல்லும் மின்னோட்டங்களின் கூட்டுத்தொகைக்குச் சமம் என்ற கிர்க்காஃப் விதியை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். வந்த மட்டையாளர்களின் எண்ணிக்கை, இந்த மூன்றின் கூட்டுத்தொகைக்குச் சமமாக வேண்டும். ஆகாவிட்டால் எழுதியவர் எங்கோ தவறியிருக்கிறார்!

ஓர் உண்மையான ஆட்டத்தில் சோதித்துப் பார்ப்போம். 1956 அக்டோபர் 8 அன்று உலகத் தொடரின் ஐந்தாம் ஆட்டத்தில் நியூயார்க் யாங்கீஸ் அணியின் டான் லார்சன் பந்து வீசினார். புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியில் ஒருவர்கூட முதல் தளத்தை எட்டவில்லை. வந்தவர்கள் 27, ஓட்டம் 0, நின்றுபோனவர் 0, ஆட்டமிழந்தவர் 27. இது எளிய கணக்கு.

யாங்கீஸ் பக்கம் சற்றுச் சுவையானது. அடிவாய்ப்புக் கணக்கில் 26 மட்டுமே இருக்கும். பந்துவீச்சாளரின் பிழையால் இலவசமாக முதல் தளம் பெற்ற இருவரும், முன்னால் ஓடுபவரை நகர்த்துவதற்காகத் தான் ஆட்டமிழந்த ஒருவரும் அதில் சேரமாட்டார்கள். சராசரி கணக்கிடும்போது அவர்களை ஒதுக்கிவிடுவது வழக்கம். ஆனால் நம் சோதனைக்கு அவர்களும் வேண்டும்: 26 + 2 + 1 = 29. மறுபுறம், ஓட்டங்கள் 2, நின்றுபோனவர் 3. முன்னணியில் இருந்ததால் அவர்கள் ஒன்பதாம் முறை ஆடவேண்டியிருக்கவில்லை. எட்டு முறைகளில் ஆட்டமிழந்தோர் 24. கூட்டினால் அதே 29.

இவ்வளவு நல்ல சோதனை இருந்தும் தவறு நுழைந்ததுண்டு. 1910இல் அமெரிக்கன் லீக்கின் சிறந்த மட்டையாளர் யார் என்பதில் டை காப், நாப் லாஜோய் இருவருக்கும் கடும் போட்டி. பரிசு ஒரு சால்மர்ஸ் மோட்டார் கார். அதிகாரபூர்வ முடிவின்படி காப் 509 வாய்ப்புகளில் 196 வெற்றி அடிகள், சராசரி .385, லாஜோய் 591இல் 227, சராசரி.384. பட்டம் காப்புக்கு. கார் மட்டும் இருவருக்கும் கிடைத்தது.

ஏறக்குறைய எழுபது ஆண்டுகளுக்குப் பின் பீட் பால்மர் என்ற புள்ளியியல் ஆய்வாளர் பழைய ஏடுகளைப் புரட்டியபோது, காப் ஆடிய ஓர் ஆட்டம் இருமுறை பதிவாகியிருந்தது தெரிந்தது. அதன் 3 வாய்ப்புகளையும் 2 வெற்றி அடிகளையும் நீக்கினால் 506இல் 194. வகுத்துப் பாருங்கள்: .383 வரும்; லாஜோய் முந்திவிடுவார். செய்தி 1981இல் வெளியானது. ஆனால் ஆணையர் போவி குன் பட்டத்தை மாற்ற மறுத்துவிட்டார்.

நம் சமன்பாடு இதை ஏன் பிடிக்கவில்லை? விட்டுப்போனதை அது காட்டிக்கொடுக்கும். சரியான ஆட்டம் ஒன்றின் நகலோ மூலத்தைப் போலவே சமன்பட்டு நிற்கும். அதைக் கண்டுபிடிக்க எதிரணியின் ஏட்டையும் பக்கத்தில் விரித்து வைக்கவேண்டும். அங்கே அந்த ஆட்டம் ஒருமுறைதானே நடந்திருக்கும்.